விண்மீனின் இறப்பும் இரு சாட்சிகளும்

கல்முனைக் கடற்கரையிலே, சுபஹுத் தொழுகைக்கு முன்னரே கடலை நோக்கி நடப்பவர்களுக்கு விண்மீன்கள் புதியவை அல்ல. தமிழர் கார்த்திகை என வழங்கும் மீன்கூட்டத்தையே அரபு மக்கள் துரையா என்றனர். நம் பெண்மக்களுக்கு நாம் இடும் சுரையா என்னும் பெயர் அதுவே. உரோகிணிக்கு அரபியிலே அல்-தபரான் என்று பெயர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வாழும் நமக்கு இவ்விரு வழக்குகளும் உறவானவை. ஆயினும், இப்பெயர் வரிசையில் நிலைத்த இடம் பெறாது, தோன்றி மறைந்த விண்மீன் ஒன்று உண்டு. அதன் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

கி.பி. 1006ஆம் ஆண்டு. சோழநாட்டை முதலாம் இராசராசன் ஆண்ட காலம். எகிப்திலே பாத்திமிய கலீபா அல்-ஹாக்கிம் ஆண்ட காலம். அவ்வாண்டு ஏப்பிரல் மாத இறுதியில், தென்வானிலே பேரொளி ஒன்று புதிதாய் எழுந்தது. எகிப்தில் அப்பொழுது இளைஞராயிருந்த அலீ இப்னு ரிழ்வான் அதனைக் கண்டார். பின்னாளிற் பெயர்பெற்ற மருத்துவராகி, தொலமியின் நூலொன்றுக்கு உரை வகுத்தபோது, தாம் கண்டதை அதிலே பதிந்துவைத்தார். வெள்ளிக்கோளினும் இரண்டரை அல்லது மூன்று மடங்கு பெரிதாய், திங்களின் ஒளியிற் காற்பங்கிற்குச் சற்று மிகுதியாய் அது ஒளிர்ந்தது என்பது அவர் தரும் செய்தி. போரையும் பஞ்சத்தையும் அதனோடு தொடர்புபடுத்தியது அக்கால வழக்கு. ஆனால், அன்று ஞாயிறும் திங்களும் கோள்களும் நின்ற இடங்களையும் அவர் குறித்தார். அதனாலேயே அந்நாள் ஏப்பிரல் 30 என இன்று கணிக்க முடிகின்றது. கெய்ரோவினும் நம் கரை தெற்கே இருப்பதால், இங்கு அது வானில் இன்னும் உயரத்தில் நின்றிருக்கும்.

அவ்வொளி யாது? அதனை அறிய விண்மீனின் வாழ்வை அறிதல் வேண்டும். வெளியிலே பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் தம் ஈர்ப்பினாலேயே சுருங்குகின்றன. சுருங்கச் சுருங்க வெப்பம் மிகுகின்றது. ஈற்றில் நடுவிலே ஐதரசன் ஈலியமாக மாறத் தொடங்க, விண்மீன் பிறக்கின்றது. உள்ளே அழுத்தும் பாரத்திற்கும் வெளியே தள்ளும் வெப்பத்திற்கும் இடையிலான சமநிலையே அதன் வாழ்வு. நம் ஞாயிற்றுக்கு வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டு; இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுக்கு எரிபொருள் உண்டு. அதன்பின் அது செம்பூதமாய் வீங்கி, மேற்போர்வையை உதறிவிடும். எஞ்சும் உள்ளகம், பூமியளவே பருமனுடைய வெண்குள்ளனாய்க் குளிர்ந்துவரும். நிறை மிகுந்த விண்மீன்களோ விரைவிற் செலவழிப்பவை. அரபியர் ஜௌஸாவின் கை எனப் பெயரிட்ட திருவாதிரை, ஒரு கோடி ஆண்டு நிறையுமுன்னரே தன் இறுதிக் கட்டத்தை அடைந்துவிட்டது.

எல்லா விண்மீன்களும் அமைதியாக வெண்குள்ளனாகி அடங்கிவிடுமா? சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 யூலை 31இல் பம்பாயிற் கப்பலேறினார். வயது 19. இங்கிலாந்து சென்ற அக்கடற்பயணத்திலேயே அவர் விடை கண்டார். வெண்குள்ளன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு. ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. அதனைக் கடந்தால் பாரமே வெல்லும். 1935 சனவரி 11இல் இலண்டன் வானியற் சங்கத்திலே, பேரறிஞர் எடிங்டன் இம்முடிவை எள்ளி நகையாடினார். பெரியவரை எதிர்த்து வெளிப்படையாகப் பேச ஏனையோர் முன்வந்திலர். சந்திரசேகரோ தம் கணக்கைக் கைவிடவில்லை. 1939இல் நூலாக எழுதிவைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். காலம் அவர் பக்கம் நின்றது. 1983இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

இப்பொழுது இப்னு ரிழ்வானிடம் மீள்வோம். அவர் கண்ட ஒளியின் எச்சத்தை 1965இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி இனங்காட்டியது. தொலைவு ஏறத்தாழ 7,000 ஒளியாண்டு. அங்கு வெடித்துச் சிதறியது ஒரு வெண்குள்ளனே. வேறொரு வெண்குள்ளன் அதனோடு இணைந்தமையே காரணமாகலாம் என அண்மைக்கால ஆய்வாளர் கருதுகின்றனர். தாங்கும் எல்லை உண்டெனச் சந்திரசேகர் கணித்த அவ்வகை விண்மீனின் முடிவையே, தம் காலத்தில் எவரும் அறியாத நிலையில், இப்னு ரிழ்வான் கண்ணாற் கண்டு எழுதியிருக்கின்றார். 1999இல் விண்ணில் ஏவப்பட்ட, சந்திரா என்று அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கி, அவ்வெச்சத்தைப் படம் பிடித்துத் தந்துள்ளது. இத்தகைய வெடிப்புகள் இரும்பை வெளியெங்கும் வீசுகின்றன. நம் குருதியிலுள்ள இரும்பும் முன்னொரு காலத்து விண்மீன்கள் விட்டுச்சென்றதே.

வைகாசி மாத இரவொன்றிற் பத்துமணியளவில், கடற்கரை மணலில் நின்று தென்வானை நோக்குங்கள். கேட்டைக்கும் தென்சிலுவைக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் அது எரிந்தது. இன்று அங்கே வெறுங்கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஆயினும் அவ்விடம் வெற்றிடமன்று.