கோலார் சுரங்கத்தில் கிடைத்ததும் கிடைக்காததும்



போன வாரம் பேரன் கேட்டான்: "ஐயா, இருண்ட பொருள், புதுத் துகள்னு இத்தனை வருஷமாத் தேடுறாங்களே, கிடைக்கலைன்னா எல்லாம் வீண்தானே?" பதில் சொல்லக் கோலார் தங்க வயலுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

கல்யாண வீட்டு முகப்பில் நின்றுகொண்டு குண்டூசி விழும் சத்தத்தைக் கேட்க முடியுமா? வளவு தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி உள்ளே போனால்தான் கொஞ்சம் அமைதி. விண்ணிலிருந்து பொழியும் மியூவான் துகள்களின் இரைச்சலும் அப்படித்தான். அதற்குத் தப்பித்தான் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். 1960களின் தொடக்கத்தில், மிக ஆழத்தில் இரண்டு மாத அளவுக்குக் கருவியை வைத்துக் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. ஏமாற்றம் என்று விட்டிருக்கலாம். அவர்களோ, "இவ்வளவு அமைதியான இடமா? அப்படியானால் நியூட்ரினோவை இங்கேதான் தேட வேண்டும்" என்றார்கள்.

எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம் முதலானோர், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டிய சுரங்கம் அது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடம் 1965இல் அங்கே பதிவானது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்ன்ஸ் குழுவும் அதைக் கண்டது. கட்டுரை முதலில் அச்சேறியது நம்முடையது.

அதன் பிறகுதான் புதிர். பாறைக்குள் பிறக்க வேண்டிய தடங்கள் சில, பாறைக்கும் கருவிக்கும் இடையிலான வெறும் காற்றுவெளியில் பிரிவதுபோலத் தெரிந்தன. ஏதோ புதுத் துகள் பாறையில் பிறந்து, சற்றுத் தூரம் வந்து சிதைகிறதோ என்று 1975இல் எழுதினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முடுக்கிகளில் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆனாலும் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. ராஜசேகரனும் எம்.வி.என். மூர்த்தியும், அது இருண்ட பொருளாக இருக்கலாமோ என்று பல ஆண்டுகள் கழித்து மறுபடி எழுப்பினார்கள். இன்றுவரை விடையில்லை.

1980இல் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் கருவியை அதே கோலாரில் வைத்தார்கள். ஜப்பானில் கமியோகாண்டேயும் அதற்காகவே கட்டப்பட்டது. உறுதியாக ஒரு புரோட்டான் சிதைவும் எங்கும் அகப்படவில்லை. ஆனால் கமியோகாண்டேயின் வாரிசான சூப்பர் கமியோகாண்டே, 1998இல் நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று காட்டியது. திட்ட மாதிரியின் பழைய கணக்கில் அதன் நிறை பூஜ்யம். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று!

கோலாரில் ஆய்வு 1992இல் நின்றது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. தேனி பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தும், மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அது எழவில்லை.

இவ்வளவும் எழுதியது பேரனுக்காக மட்டுமல்ல. 1986இல் "நியூட்ரினோவின் நிறை பூஜ்யம்" என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "யார் சார் நிறுத்துப் பார்த்தா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "புத்தகத்துல இருக்கிறதை எழுதும்மா" என்று உட்கார வைத்தேன். அன்று அந்த வகுப்பில் இயற்பியலைச் சரியாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அம்மா, நீ எந்த ஊரில் இருந்தாலும், இதைப் படித்தால் ஒரு வரி எழுது. உன் கேள்வி சரி. என் பதில் தவறு.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார், காரைக்குடி