2032-இல் உலகம் அழியுமா? சிறுகோள் காவலின் வரலாறு



2025 பிப்ரவரி, பள்ளி திறந்த முதல் வாரம். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் ஐந்தாம் படிவ மாணவி, வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றாள். “டீச்சர், 2032-ல ஒரு பெரிய கல்லு பூமியில விழப்போகுதாம். வாட்ஸ்அப்ல எல்லாரும் அனுப்புறாங்க. எனக்கு அப்ப 24 வயசுதான் ஆகும்” என்றாள். சிரித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் நிஜமான பயம் இருந்தது. “இரும்மா, படிச்சிட்டு வந்து சொல்றேன்” என்றேன்.

அப்படித் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களுக்குத் தருகிறேன். அறிவியல் கட்டுரை என்றால் நம் மாணவர்கள் பலர், “அமெரிக்கா ராக்கெட் அனுப்பி உலகைக் காப்பாற்றும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வரலாறு அப்படி இல்லைங்க. இது பல நாட்டவர் ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் கொடுத்துக் கொடுத்துக் கட்டிய காவல்.

முதல் சிறுகோள்

1801 ஜனவரி 1. இத்தாலியின் பலெர்மோ நகரில் பியாசி என்பவர், விண்மீன்களுக்கு நடுவே மெல்ல நகரும் ஒரு புள்ளியைக் கண்டார். அதற்குச் சீரிஸ் என்று பெயரிட்டார். சில வாரங்களில் அவர் நோயுற்றார். புள்ளியும் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. அவர் விட்டுச் சென்ற சில குறிப்புகளை வைத்து, ஜெர்மனியைச் சேர்ந்த காவுஸ் என்ற 24 வயது இளைஞர் அதன் பாதையைக் கணக்கிட்டார். அவர் சொன்ன பகுதியில் தேடியபோது அந்த ஆண்டின் கடைசி நாளில் சீரிஸ் மீண்டும் அகப்பட்டது.

ஒருவர் பார்த்தார், இன்னொருவர் கணக்கிட்டார், மூன்றாமவர் கண்டுபிடித்தார். சிறுகோள் ஆய்வு இன்றுவரை இப்படித்தான் நடக்கிறது.

சென்னையும் காவலூரும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய வானாய்வுக்கூடம் இருந்தது. அங்கே 1861-இல் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுவே. அதனால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார்கள். அவருடைய முதன்மை உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர்.

போக்சன் 1885-இல் கடைசிச் சிறுகோளைக் கண்டார். பிறகு இந்தியாவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இடைவெளி. 1980-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் ‘கல்கி’ என்ற தேடல் திட்டம் தொடங்கியது. 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கிதான் அவர்களின் கருவி. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண் பெற்ற அதற்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது நேர இடைவெளியில் இரண்டு முறை படம் எடுப்பார்கள். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இடம் மாறியிருக்கும் புள்ளி சிறுகோளாக இருக்கலாம். பிறகு, அது ஏற்கெனவே தெரிந்ததா புதியதா என்று பட்டியலில் சரிபார்ப்பார்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்களே, அது மாதிரிதான். பட்டியலில் இல்லாத ஆள் நின்றால் உடனே தெரிந்துவிடும். உலகம் முழுவதற்குமான அந்தப் பெயர்ப்பட்டியலை 1947 முதல் சிறுகோள் மையம் என்ற அமைப்பு பராமரிக்கிறது. எந்த நாட்டு ஆய்வகம் பார்த்தாலும் கணக்கு அங்கேதான் போகும்.

சூடு கண்ட பிறகு

1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்கா காட்டின்மேல் ஒரு விண்கல் வெடித்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் மரங்கள் சாய்ந்தன. ஆளில்லாக் காடு என்பதால் உலகம் பெரிதாக அசையவில்லை. 1994-இல் ஷூமேக்கர்-லெவி வால்வெள்ளி உடைந்து வியாழன் கோளில் மோதியதைத் தொலைநோக்கிகள் நேரடியாகப் பார்த்தன. அப்போதுதான், “நமக்கும் இது நடக்கலாம்” என்ற எண்ணம் வலுத்தது.

2008 அக்டோபரில் ஒரு சிறிய கல், விழுவதற்கு முன்பே முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 20 மணி நேரமே இருந்தது. பல நாட்டு ஆய்வாளர்கள் உடனே கண்காணித்து, சூடான் பாலைவனத்தில் விழும் என்று கணித்தார்கள், அங்கேயே விழுந்தது. அதன் துண்டுகளைத் தேடி எடுத்தது யார் தெரியுமா? கார்த்தூம் பல்கலைக்கழக மாணவர்கள், தங்கள் ஆசிரியர்களோடு வரிசையாக நின்று மணலில் நடந்து தேடினார்கள்.

வியன்னாவில் ஒரு மலேசியர்

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின்மேல் சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் வெடித்தது. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தனர். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டியே யார் கண்ணிலும் படவில்லை. அதே வாரத்தில் ஐ.நா.வின் விண்வெளி அறிவியல் துணைக்குழு வியன்னாவில் கூடியிருந்தது. அதன் முன் இருந்த பொருள்களில் ஒன்று, சிறுகோள் ஆபத்தை உலக நாடுகள் எப்படிச் சேர்ந்து சமாளிப்பது என்பதுதான்!

அப்போது ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்தின் இயக்குநராக இருந்தவர் சிரம்பானில் பிறந்த டாக்டர் மஸ்லான் ஒத்மான். நம் நாட்டின் முதல் வானியற்பியலாளர். 2010-இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று, வேற்றுக்கோள்வாசிகளை வரவேற்கும் தூதராக அவரை ஐ.நா. நியமிக்கப் போகிறது என்று எழுதியது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அவரோ அதை மறுத்து, தான் பேசப் போவது பூமிக்கு அருகில் வரும் விண்பொருள்களைப் பற்றி என்றார். பாருங்கள், புரளி வேகமாக ஓடியது. உண்மையான வேலை பின்னால் நடந்து வந்தது.

2013 முடிவதற்குள் ஐ.நா. பொதுப்பேரவை இரண்டு அமைப்புகளை வரவேற்றது. ஒன்று, அனைத்துலகச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு; ஆபத்தைக் கண்டறிந்து சொல்வது அதன் பணி. மற்றொன்று விண்வெளித் திட்ட ஆலோசனைக் குழு. கல்லை எப்படித் திசைதிருப்பலாம் என்று விண்வெளி நிறுவனங்கள் கூடி ஆராய்வது அதன் பணி.

தள்ளிப் பார்த்தார்கள்

2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் மீது வேண்டுமென்றே மோதியது. அது தன் பெரிய துணையைச் சுற்ற 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. மோதலுக்குப் பின் அந்த நேரம் ஏறக்குறைய அரை மணி குறைந்தது. மோதலை அருகிலிருந்து படமெடுத்தது இத்தாலியின் சிறு கலம். விளைவை நேரில் ஆராய ஐரோப்பாவின் ஹீரா விண்கலம் 2024 அக்டோபரில் புறப்பட்டது.

மாணவிக்குச் சொன்ன பதில்

இனி அந்த 2032 கல்லுக்கு வருவோம். அதன் பெயர் 2024 ஒய்.ஆர்.4. 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டில் உள்ள தொலைநோக்கி அதைக் கண்டது. 2032 டிசம்பர் 22 அன்று மோதும் வாய்ப்பு 1 விழுக்காட்டைத் தாண்டியதும், எச்சரிக்கை வலையமைப்பு முறையாக அறிவிப்பு விடுத்தது. பிப்ரவரி 18 அன்று வாய்ப்பு 3.1 விழுக்காடானது. அவள் பயந்து வந்தது அந்த வாரம்தான். அடுத்த வாரமே அது ஏறக்குறைய பூச்சியத்துக்கு இறங்கிவிட்டது.

“ஏன் டீச்சர் ஏறி இறங்குச்சு?” என்று கேட்டாள். இப்படிச் சொன்னேன்: “லயத்துல 100 வீடு. ஒரு வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கு, எந்த வீடுன்னு தெரியல. உன் வீடா இருக்க 100-ல 1 வாய்ப்பு. 70 வீட்டுக்கு இல்லைன்னு தெரிஞ்சா, உன் வாய்ப்பு 30-ல 1 ஆகுது. ஏறிடுச்சு! ஆனா கடிதம் மாறல. இன்னும் விசாரிச்சா, அது பக்கத்து வீட்டுக்குன்னு தெரியுது. உன் வாய்ப்பு பூச்சியம்.” வாய்ப்பு உயர்ந்தது கல் நெருங்கியதால் அன்று, நம் அறிவு கூர்மையானதால். பல நாட்டுத் தொலைநோக்கிகள் தொடர்ந்து விசாரித்ததால்தான் பதில் கிடைத்தது.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்தக் காவலூர் எங்க டீச்சர் இருக்கு?” என்றாள். சுவரில் இருந்த வரைபடத்தில் காட்டினேன்.

தேர்வு எழுதுவோருக்கு

விண்வெளி, உலக ஒற்றுமை, பொய்ச்செய்தி ஆகிய மூன்று தலைப்புகளுக்கும் இச்செய்திகள் உதவும். ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு நிகழ்விலும் யார் யாருக்குத் தகவல் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். கருத்து தானாக விரியும். 2029 ஏப்ரல் 13 அன்று அப்போஃபிஸ் என்ற சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து செல்லும், மோதாது. அந்த ஆண்டைச் சிறுகோள் விழிப்புணர்வு ஆண்டாக ஐ.நா. அறிவித்துள்ளது. அப்போதும் வாட்ஸ்அப்பில் புரளி வரும். உங்கள் வீட்டில் பயப்படுகிறவர்களுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும்.

ஆசிரியர்களே, வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. சீரிஸ் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதில் மூவரின் பங்கு என்ன?
2. செல்யாபின்ஸ்க் நிகழ்வுக்குப் பின் உருவான இரு அமைப்புகளின் பணி யாது?
3. மோதும் வாய்ப்பு ஏன் முதலில் உயர்ந்து பிறகு குறைகிறது? உங்கள் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குக.