வண்டி ஓடும்போது பேட்டரியைக் கழற்றலாமா?

மார்கழி, தை மாதங்களில் கோவையிலிருந்து உதகைக்குச் செல்லும் கார்களுக்கு ஒரு சோதனை காத்திருக்கும். மாலையில் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி, எவ்வித முரண்டும் செய்யாமல் போய்ச் சேர்ந்த வண்டி, மறுநாள் விடியற்காலையில் கிளம்ப மறுக்கும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஓர் ஒலி; அவ்வளவுதான். மலைக்குளிர்மேல் பழி போடுவது எளிது. ஆனால் அந்தப் பேட்டரியைப் பாதி கொன்றது சமவெளியின் கோடை வெப்பம். குளிர் அந்தக் குறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவே. உறைநிலை அருகே ஒரு சேமக்கலத்தின் திறன் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதே வேளையில் எண்ணெய் கெட்டிப்பட்டு, எஞ்சினைச் சுழற்றுவதற்குக் கூடுதலான ஆற்றல் தேவைப்படுகிறது. நல்ல பேட்டரி இதைத் தாங்கும், நலிந்தது தாங்காது.

குற்றம் பேட்டரியினுடையதா, அதற்கு மின்னூட்டம் அளிக்கும் பொறியினுடையதா? இக்கேள்விக்கு விடை காணும் முறை நூறாண்டுகளில் இரண்டு முறை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் பழைய பாடம் ஒன்று புதிய பொறியைக் கொன்ற கதையும் உண்டு.

விளக்கிலிருந்து தொடங்கியது

பிரெஞ்சு அறிவியலார் கஸ்தோன் பிளாந்தே 1859இல் காரீயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு முதல் சேமக்கலத்தை உருவாக்கினார். இன்றும் நம் கார்களில் உள்ளது அதன் வழித்தோன்றலே. ஒரு தகட்டில் காரீய டை-ஆக்சைடு, மற்றொன்றில் பஞ்சு போன்ற காரீயம். மின்னோட்டம் வெளியேறும்போது இரண்டு தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்னூட்டம் செய்தால் எல்லாம் பழையபடி திரும்புகின்றன. அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்தே கலத்தின் உடல்நிலையை அறியலாம் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் தொடக்க கால மோட்டார் வண்டிகளில் பல, பேட்டரியை நம்பி ஓடவில்லை. விளக்குகள் கார்பைடு விளக்குகள். எஞ்சினைக் கிளப்ப முன்புறம் செருகிச் சுழற்றும் கைப்பிடி. 1908இல் வந்த ஃபோர்டு 'டி' மாடலில் தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சுழல்சக்கரத்தோடு பிணைந்த காந்தங்களே உண்டாக்கின. பின்னர் அதே மின்சாரத்தில் முன்விளக்குகளையும் எரித்தனர். எஞ்சின் வேகம் குறைந்தால் விளக்கும் மங்கும். மேட்டில் திணறி ஏறும்போதுதான் பாதை நன்றாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் குறையும்!

1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் கிளப்பி இடம் பெற்றது. இதைத்தான் நம் பட்டறைகளில் 'செல்ஃப்' என்கிறோம். அன்றிலிருந்து பேட்டரி இன்றியமையாத உறுப்பாயிற்று. ஓரிரு விநாடிகள் நூறு ஆம்பியருக்கு மேல் தர வேண்டும். தந்ததை ஓட்டத்தின்போது திரும்பப் பெற வேண்டும். திரும்பத் தருகின்ற வேலை டைனமோவுக்கு வந்தது.

கொங்கு நாட்டில்

கோவைக்கு அருகே கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அதுவே பின்னர் யூ.எம்.எஸ். என்ற பெயரில் பெருகியது. இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கு அக்காகப் பிரித்து, மறுபடி பூட்டித் தாமே தொழில் கற்றவர் அவர். இறக்குமதியான வண்டிகள், உதிரி உறுப்புகள் கப்பலில் வரவேண்டிய காலம். டைனமோ பழுதானால் புதியது வாங்குவதைவிட அதைப் பிரித்துப் பார்த்துச் சரி செய்வதே நடைமுறை.

இதற்கு உதவிய சூழ்நிலையும் கோவையில் இருந்தது. 1926இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் அமைந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. கவலை பூட்டி மாடுகளால் நீர் இறைத்த கிணறுகளுக்கு மின்சாரப் பம்புகள் வந்தன. 1937இல் நாயுடுவும் து. பாலசுந்தரமும் சேர்ந்து உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகக் கருதப்படுகிறது. மோட்டார் பெருகிய ஊரில் மோட்டார் கருகுவதும் பெருகுமல்லவா? செப்புக் கம்பியைச் சுற்றிக் கருகிய மோட்டாருக்கு உயிர் கொடுக்கும் 'வைண்டிங்' கடைகள் கொங்கு நாட்டின் சிற்றூர்களிலும் தோன்றின. டைனமோவின் ஆர்மேச்சரும் செப்புக் கம்பிச் சுற்றுதான். கிணற்று மோட்டாரைச் சுற்றத் தெரிந்த கைக்கு அது அந்நியமாக இருக்கவில்லை.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தோன்றவும் நாயுடுவின் கொடையே காரணம். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் முன்னோடி அது. பொறியியலுக்கு நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதிட்டவர் அவர். செய்து கற்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை கொங்கு நாட்டுப் பட்டறைகளின் நம்பிக்கையும் ஆகும். அந்த நம்பிக்கையின் வலிமையும் அதன் எல்லையும் பின்னால் தெரிய வரும்.

டைனமோவின் குணம்

காந்தப்புலத்தில் சுருள் சுழன்றால் அதில் எழுவது மாறுமின்னோட்டமே. ஃபாரடேயின் 1831ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பை அடுத்து, 1832இல் பாரிசில் பிக்சி என்பவர் செய்த கைப்பொறியும் மாறுமின்னோட்டத்தையே தந்தது. அன்றைக்கு அது ஒரு குறையாகத் தோன்றியது. ஆம்பியர் கூறிய யோசனைப்படி திசைமாற்றி ஒன்றைப் பொருத்தி, ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைப் பெற்றார்கள். (கோவையில் 2008இல் தொடங்கப்பட்ட ஒரு மின்வண்டி நிறுவனம் தன் பெயராகச் சூட்டிக்கொண்டது இந்த அறிஞர் பெயரைத்தான்.)

காரின் டைனமோவும் இவ்வகையே. சுழலும் ஆர்மேச்சரில் மின்சாரம் உண்டாகி, திசைமாற்றியின் செப்புத் துண்டுகள் வழியே கார்பன் பிரஷ்களுக்கு வருகிறது. ஆக, முழு மின்னோட்டமும் உரசும் இடத்தின் வழியாகவே வெளிவர வேண்டும். பிரஷ் தேயும், செப்புத் துண்டுகள் கருக்கும். மிக வேகமாகச் சுழற்றினால் ஆர்மேச்சரின் கம்பிகள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே டைனமோவின் வேகத்தை மட்டுப்படுத்தியே பெல்ட் பூட்டினர். அதனால், எஞ்சின் நிதானமாக ஓடும்போது டைனமோவில் பயனுள்ள மின்சாரம் வராது. நகரத்து நெரிசலில் நின்று நின்று போகும் வண்டியில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

டைனமோ மெதுவாகச் சுழலும்போது பேட்டரியின் மின்சாரம் பின்னோக்கி அதற்குள் பாய்ந்துவிடாமல் தடுக்க 'கட்-அவுட்' என்ற மின்காந்த இணைப்பான் ஒன்று வேண்டும். மின்னழுத்தத்தைச் சீராக்க இன்னொன்று வேண்டும். இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டியில் இருந்தன. பழைய அம்பாசிடர், ஃபியட் கார்களின் பானட்டைத் திறந்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

இதில் பழுது காண்பது ஓர் அழகிய கலை. டைனமோவின் 'டி', 'எஃப்' முனைகளிலுள்ள கம்பிகளைக் கழற்றிவிட்டு, அம்முனைகள் இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, வோல்ட்டு மீட்டரின் ஒரு கம்பியை அங்கும் மற்றொன்றை வண்டியின் உடலிலும் வைத்து எஞ்சினின் வேகத்தை மெல்ல உயர்த்த வேண்டும். முள் தடுமாறாமல் ஏறினால் டைனமோ நலம், குற்றம் பெட்டியில். முள் அசையவே இல்லையெனில் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். மீட்டர் இல்லாத பட்டறையில் ஒரு பல்பும் இரண்டு கம்பிகளுமே போதும்.

இதைவிடச் சுருக்கமான சோதனை ஒன்றும் பரவியிருந்தது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுவது! எஞ்சின் நிற்காமல் ஓடினால் டைனமோ வேலை செய்கிறது, நின்றால் செய்யவில்லை. கருவி தேவையில்லை, கணக்கும் தேவையில்லை. அக்காலத்திலும் இது நல்ல வழக்கம் அன்று, பல்புகள் கருகுவதுண்டு. எனினும் டைனமோ பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. ஆகவே குருவிடமிருந்து சீடனுக்கு இச்சோதனை கைமாறிக்கொண்டே வந்தது.

பழைய மருந்து, புதிய உடல்

அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாடல் கார்களில் டைனமோவை நீக்கி, மாறுமின்னாக்கியைப் பொருத்தியது. நம் நாட்டில் 1961இல் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து நிறுவிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் சென்னைப் பாடியில் வண்டிகளுக்கான மின்பொறிகளை உற்பத்தி செய்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் 'ஆல்டர்னேட்டர்' என்ற சொல் சாதாரணக் கார் உரிமையாளர் வாயிலும் புழங்கலாயிற்று.

புதிய பொறியில் டைனமோ தலைகீழாக்கப்பட்டது. இங்கே சுழல்வது காந்தம். மின்சாரம் பிறக்கும் சுருள் அசையாமல் வெளியே நிற்கிறது. சுழலும் காந்தச் சுருளுக்குச் சில ஆம்பியர்களே வழுவழுப்பான வளையங்கள் வழியே செல்கின்றன. பெரும் மின்னோட்டம் எந்த உரசலும் இன்றி வெளிவருகிறது. ஆகையால் இதை மிக வேகமாகச் சுழற்றலாம். எஞ்சின் நிதானத்தில் ஓடினாலும் ஓரளவு மின்னூட்டம் நடக்கும். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குவது வழக்கமாக ஆறு சிலிக்கன் டையோடுகள். டையோடு ஒரு வழிப் பாதை. எனவே கட்-அவுட்டும் தேவையற்றதாயிற்று. பிக்சியின் பொறியில் குறையாகக் கருதப்பட்டதை ஏற்றுக்கொள்ளும் துணிவு, மலிவான சிலிக்கன் டையோடு கிடைத்தபின்தான் பிறந்தது.

ஆனால் டையோடுக்கு ஓர் இயல்பு உண்டு. தாங்கும் அளவைக் கடந்த மின்னழுத்தத்தை அது ஒரு நொடியும் மன்னிப்பதில்லை. எஞ்சின் ஓடும்போது, அதுவும் பேட்டரி மின்னூட்டம் பெற்றுக்கொண்டிருக்கும்போது, அதன் முனையைக் கழற்றினால் என்ன ஆகும்? ஓடுகின்ற பம்ப்செட்டின் வாய்க்குழாயைத் திடீரென அடைத்தால் குழாய் முழுதும் அதிர்கிறதல்லவா? அதேபோன்றதே இதுவும். பாய்ந்துகொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக்கிடமில்லை. காந்தச் சுருளின் புலமோ உடனே அடங்காது. 12 வோல்ட்டு அமைப்பில் அந்தக் கணத்தில் 80 முதல் 100 வோல்ட்டு வரை மின்னழுத்தம் எழக்கூடும். ஒரு நொடியிலும் குறைந்த நேரம்தான். டையோடு சாக அது போதும். வண்டியில் உள்ள மின்னணுப் பெட்டிகள் கெடவும் போதும்.

நலமாக இருந்த மாறுமின்னாக்கி, அது நலமா என்று சோதித்ததாலேயே பழுதாகும். பிறகு, "ஆல்டர்னேட்டர் போய்விட்டது" என்ற முடிவு உண்மையாகிவிடும்! சோதித்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணெதிரே அவருடைய சோதனை அவரை மெய்ப்பித்துவிட்டது. தவறான சோதனைகளில் இவ்வகையே மிகக் கொடியது என்பேன். தன் தவற்றைத் தானே மறைத்துக்கொள்கிறது. செய்து கற்ற கைக்கு இங்கே பொறியின் உள்ளமைப்பு பற்றிய ஏட்டறிவும் தேவைப்பட்டது.

இன்னொரு பகையும் உண்டு. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது; பிற்காலக் கார்களில் எதிர்முனை. பழக்கத்தில் முனைகளை மாற்றிப் பூட்டினால் டைனமோவைத் திரும்பச் சரிப்படுத்தலாம். மாறுமின்னாக்கியின் டையோடுகள் உடனே எரிந்துபோகும்.

குற்றவாளியைத் தேடும் முறை

பேட்டரி இறங்கிவிட்டது என்றால் உடனே புதிய பேட்டரி வாங்குவது பலரது வழக்கம். மின்னூட்டம் இல்லாத வண்டியில் புதிய பேட்டரியும் சில நாட்களில் படுத்துவிடும். பணம் இருமுறை போகும். முதலில் கண்ணால் பார்க்க வேண்டியவை பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பு, எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பட்டை, பெல்ட்டின் இறுக்கம். பாதிக் குற்றங்கள் இங்கேயே பிடிபடும்.

அடுத்து, இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரியில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு இருக்க வேண்டும். மூடி திறக்கும் வகையானால் ஹைட்ரோமீட்டரால் ஆறு கலங்களையும் தனித்தனியே அளக்கலாம். ஐந்து ஒத்திருந்து ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அந்தக் கலம் செத்தது, மின்னாக்கியின்மேல் பழியில்லை. ஆறும் ஒரேபோல் தாழ்ந்திருந்தால் பேட்டரி பசியோடு இருக்கிறது என்று பொருள். உணவு ஏன் வரவில்லை என்று தேட வேண்டும்.

பேட்டரியைக் கழற்றாமலே எஞ்சினை ஓட்டி, சற்று வேகப்படுத்தி அளந்தால் சாதாரண வண்டிகளில் 14 வோல்ட்டு அளவில் இருக்க வேண்டும். ஓய்விலிருந்த அளவே நின்றால் மின்னூட்டம் இல்லை. 15க்கு மேல் ஏறினால் சீராக்கி கெட்டுவிட்டது. அமிலத்திலுள்ள நீர் கொதித்து வற்றும். 'பேட்டரி அடிக்கடி தண்ணீர் குடிக்கிறது' என்பவர்கள் இதைச் சோதிக்க மறக்கக் கூடாது.

சாவியைத் திருப்பியதும் முகப்பில் எரியும் சிவப்பு விளக்கையும் கவனியுங்கள். பல மாறுமின்னாக்கிகளுக்கு முதல் காந்த ஊட்டம் அந்தப் பல்பின் வழியாகவே செல்கிறது. டைனமோவின் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தமே அதைத் தொடங்கி வைத்தது; இங்கே அது போதாது. சில ரூபாய் பல்பு கருகியதால் மின்னூட்டம் நின்ற வண்டிகள் உண்டு. சாவி திருப்பிய நிலையில், எஞ்சின் ஓடாதபோது, மாறுமின்னாக்கியின் பின்புறத்தில் ஒரு திருப்புளியின் முனையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இழுத்தால் காந்தச் சுருள் உயிரோடு இருக்கிறது. பட்டறைகளின் இந்தச் சோதனை முற்றிலும் அறிவியல் சார்ந்தது, எதையும் கெடுப்பதுமில்லை.

ஒரே ஒரு டையோடு பழுதானால்தான் குழப்பம். மின்னூட்டம் குறையும், நிற்காது, விளக்கு நடுங்கும், சில வேளை நிறுத்திய வண்டியில் இரவெல்லாம் மின்சாரம் அதன் வழியே கசியும். காலையில் பழி பேட்டரியின்மேல் விழும்.

அண்மைக் காலக் கார்களில் கணிப்பொறியே மின்னூட்டத்தை ஆள்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த அது வேண்டுமென்றே மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வைக்கும். அங்கே 14 வோல்ட்டு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால், நலமான மாறுமின்னாக்கியைக் கழற்றி எறிய நேரிடும். மின்சாரக் கார்களில் மாறுமின்னாக்கியே இல்லை. பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மின்னணுப் பெட்டி ஒன்று அதன் இடத்தில் இருக்கிறது. ஆயினும் பெரும்பாலானவற்றில் 12 வோல்ட்டுச் சிறு பேட்டரி ஒன்று இன்னும் உண்டு. அது இறங்கிவிட்டால், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது.