அளவீடா, வாக்கா? விமான நிலையத் திரையின் ஒன்பதாம் மைல்கல்: ஒரு மறுவாசிப்பு

1

விமான நிலைய இயக்கத்தை உடனுக்குடன் கண்காணிக்கும் திரைகளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து கேள்விக்கு உட்படாமலேயே நிலைபெற்றுவிட்டது. திரையில் தெரியும் நேரங்கள் எல்லாம் களத்தில் நடப்பதன் பிம்பங்கள். பிம்பம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு இயக்கமும் சீராகும் என்பதே அந்தக் கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. திரை முழுவதையும் முன்வைத்து அல்ல, ஒரே ஒரு கட்டத்தை முன்வைத்து. ஆனால் புறப்பாட்டு வரிசை முழுவதும் அந்த ஒரு கட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகண்ட்ரோலின் ஏ-சிடிஎம் (விமான நிலையக் கூட்டு முடிவெடுப்பு) கையேடு ஒரு விமானத்தின் வருகை முதல் மறுபுறப்பாடு வரையிலான பாதையை 16 மைல்கற்களாகப் பிரிக்கிறது. 2007-இல் மியூனிக்கில் முழு அளவில் நடைமுறைக்கு வந்த இந்த முறையை, சென்னை உள்ளிட்ட இந்தியப் பெருநிலையங்களும் பின்னர் ஏற்றன. 16-இல் பெரும்பாலானவை நிகழ்ந்தவற்றைப் பதிவு செய்பவை. தரையிறக்கம் 6-வது, ‘பே’ எனப்படும் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது 7-வது, பயணிகள் ஏறத் தொடங்குவது 11-வது, பேயை விட்டு நகர்வது 15-வது, வானேறுவது 16-வது. இவற்றை ரேடாரோ கருவியோ மனிதக் கண்ணோ பார்த்துச் சொல்லிவிடலாம்.

9-வது அப்படிப்பட்டதல்ல. விமான நிறுவனமோ அதன் கிரவுண்ட் ஹேண்ட்லிங் முகவரோ, ‘இந்த நேரத்துக்கு எல்லாம் முடிந்து விமானம் தயாராக நிற்கும்’ என்று இறுதியாக உறுதிசெய்யும் இடம் அது. அங்கே சொல்லப்படும் நேரம் டி.ஓ.பி.டி.; தமிழில் ‘இலக்குக் கட்டைநீக்க நேரம்’ எனலாம். அதை அடிப்படையாக வைத்தே 10-வது மைல்கல்லில் எஞ்சின் இயக்க அனுமதிக்கான நேரமும் வரிசையும் கணக்கிடப்படுகின்றன. இந்த 9-வது மைல்கல்லை எப்படி வாசிப்பது என்பதே என் கேள்வி.

2

முந்தைய வாசிப்பு கையேட்டின் வரையறையில் வரும் ‘மதிப்பிடும் நேரம்’ என்ற தொடரைப் பற்றிக்கொள்கிறது. மதிப்பீடு என்றால் கணிப்பு. கணிப்பு என்றால் பிழையை அளக்கலாம். சொன்ன நேரத்துக்கும் உண்மையில் தயாரான நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்துப் பார்த்து, 5 நிமிடத்துக்குள் இருந்தால் சரி, தாண்டினால் தவறு என்று மதிப்பெண் போடும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

வரையறையின் மீதிப் பகுதியை அந்த வாசிப்பு போதிய கவனத்தோடு பார்க்கவில்லை என்பது என் எண்ணம். கதவுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும், ஏரோபிரிட்ஜ் விலகியிருக்க வேண்டும், புஷ்பேக் வண்டி வந்து நிற்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி கிடைத்த மறுகணம் நகரக்கூடிய நிலை வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை, நேரத்தைச் சொல்பவரே செய்து முடிக்க வேண்டிய வேலைகள். மழை வருமா என்று நான் மதிப்பிடலாம். நாளைக் காலை உங்கள் வீட்டுக்கு நான் வருவேனா என்பதை நான் மதிப்பிடுவதில்லை. வருகிறேன் என்று சொல்கிறேன். தன் செயலைக் குறித்துத் தானே சொல்லும் எதிர்காலம் கணிப்பைவிட வாக்குக்கே நெருக்கமானது.

வரையறையை மட்டும் வைத்து இதை நிறுவிவிட்டதாகக் கருதமாட்டேன். நடைமுறை விதிகளில் இன்னும் வலுவான சான்று இருக்கிறது. ஜெர்மானிய விமான நிலையங்களில், எஞ்சின் இயக்க நேரம் ஒதுக்கப்பட்ட பிறகு டி.ஓ.பி.டி.யை மூன்று முறைக்கு மேல் திருத்த முடியாது. வெப்பமானி தன் அளவை எத்தனை முறை மாற்றிக் காட்டலாம் என்று உலகில் யாரும் விதி செய்ததில்லை. அளவீட்டைப் பொறுத்தவரை புதிய எண் எப்போதும் பழையதைவிட மேல். அதைத் தடுப்பது முட்டாள்தனம். திருத்தத்துக்கு வரம்பு கட்டினால் பொருள்படும் இடம் ஒன்றே: ஒருவர் சொன்னதை நம்பி மற்றவர்கள் காரியத்தில் இறங்கிவிடும் இடம். ஒதுக்கிய நேரத்தில் தயாராக இல்லாத விமானம் வரிசையில் தன் இடத்தை இழப்பதும் இதே தன்மையுடையது. கணிப்பு பிழைத்தால் கணிப்பவருக்குத் தண்டனை கிடையாது. வாக்குத் தவறினால் உண்டு. விதியை வகுத்தவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், வாக்கைக் காக்கும் விதியைத்தான் வகுத்திருக்கிறார்கள்.

3

இந்த வேறுபாடு வெறும் சொல்லாய்வு அல்ல என்பதைக் காட்ட, ஒரு கற்பனைக் கணக்கு. காலை 7:00 மணிக்குப் புறப்பட வேண்டிய இரண்டு விமானங்கள். முதல் விமானத்தின் முகவர் 6:20-க்கு ‘7:00’ என்கிறார்; 6:40-க்கு ‘7:10’; 7:05-க்கு ‘7:25’; 7:22-க்கு ‘7:38’. விமானம் 7:38-க்குத் தயார். இரண்டாம் விமானத்தின் முகவர் 6:20-க்கே ‘7:30’ என்று சொல்லி, மாற்றாமல் நிற்கிறார். விமானம் 7:36-க்குத் தயார்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் எடுத்துக் கழிக்கும் கணக்கில், முதல்வரின் பிழை 0. இரண்டாமவரின் பிழை 6 நிமிடம். அவர் வரம்பைத் தாண்டியவர். அப்படியானால் முதல்வரே சிறந்த பணியாளர். ஆனால் முதல்வரின் சொல்லை நம்பிப் புஷ்பேக் வண்டி மூன்று முறை வீணாகக் காத்திருக்கும். அதே பேக்கு வர வேண்டிய அடுத்த விமானம் டாக்ஸிவேயில் நிற்கும். கோபுரம் வரிசையை மூன்று முறை கலைத்து அடுக்கும். இரண்டாமவர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எல்லோருக்கும் உறுதியான தரையைக் கொடுத்தார். துல்லியம் என்ற ஒரே அளவுகோல், சொல்லை மாற்றிக்கொண்டே போனவருக்குப் பரிசும், சொல்லைக் காத்தவருக்குக் குறைமதிப்பும் தருகிறது.

வானிலைக் கணிப்புக்கும் இப்படித்தானே மதிப்பெண் போடுகிறார்கள் என்று கேட்கலாம். மேகத்துக்குத் தன் மதிப்பெண் தெரியாது; முகவருக்குத் தெரியும், அதற்கேற்பத் தன் சொல்லையும் மாற்றிக்கொள்வார். அந்த எதிர்வாதத்துக்கு இதற்கு மேல் இடம் தேவையில்லை.

4

வாக்கின் காலம் பற்றித் தமிழ் இலக்கண மரபுக்குத் தெளிவான பார்வை உண்டு. இன்னும் நிகழாத செயலை விரைவுப் பொருளில் இறந்தகாலத்தால் சொல்வதைத் தொல்காப்பிய வினையியல் காலமயக்கமாக ஏற்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்பாதவர் தொலைபேசியில் ‘இதோ வந்துட்டேன்’ என்பதை நாம் பொய் என்று சொல்வதில்லை. கேட்பவருக்கு அது நேரத்தகவல் அல்ல, ‘எனக்காகக் காத்திரு’ என்ற வேண்டுகோள் என்பது இருவருக்கும் தெரியும். ராம்பில் நிற்பவர் ‘முடிஞ்சிடுச்சு சார்’ என்பதும் அந்த வகைதான். இலக்கணம் அந்தச் சொல்லுக்கு இடம் கொடுத்தது, அதன் பொருள் விரைவு என்று தெளிவாகக் குறித்தும் வைத்தது. திரை அந்தக் குறிப்பைக் கைவிட்டு எண்ணை மட்டும் வாங்கிக்கொள்கிறது. இழப்பு அங்கே நேர்கிறது.

சொல்லை வாக்காகவே பதிவு செய்யும் முறை ஒன்று நம் பக்கத்திலேயே நெடுங்காலமாக இருக்கிறது. நான் வசிக்கும் வேப்பம்பட்டு, சென்னை சென்ட்ரல்–அரக்கோணம் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையில் இருக்கிறது. இந்தப் பாதையில் வளர்ந்தவர்களுக்கு ரயில்வே கேட் என்பது அன்றாடம். இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டுகளில் நிலைய மேலாளர் வண்டி வருவதைச் சொல்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு ஒரு ‘பிரைவேட் நம்பர்’ கொடுப்பார். அந்த எண்ணுக்கு வேறு எந்தப் பொருளும் கிடையாது. நிமிடத்தையோ தூரத்தையோ அது குறிக்கவில்லை. ‘கேட்டை மூடிவிட்டேன், வண்டி கடக்கும்வரை திறக்கமாட்டேன்’ என்று இன்னார் சொன்னார் என்பதற்கு மட்டும் அது சாட்சி. ஒருமுறை கொடுத்த எண் பட்டியலில் அடிக்கப்படும். நிலைய மேலாளர் அதைப் பதிவேட்டில் எழுதுவார். அளவீட்டையும் வாக்கையும் குழப்பாத முறை அது.

கேமராவும் கணினிப் பார்வையும் வந்தபின் இந்த வாதம் காலாவதியாகிவிட்டது என்பார்கள். எரிபொருள் வண்டி வந்ததையும், சரக்குக் கதவு மூடியதையும், ஏரோபிரிட்ஜ் விலகியதையும் கேமராவே பதிவு செய்கிறது. இனி முகவரின் சொல் எதற்கு? இந்தக் கருவிகள் பயனுள்ளவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கேமரா காண்பது நடந்ததை. கேபினில் இன்னும் ஏறாத இரண்டு பயணிகளுக்காகக் காத்திருப்பதா, அவர்கள் பெட்டிகளை இறக்கிவிட்டுக் கிளம்புவதா என்ற முடிவு நடந்தவற்றுள் இல்லை. அதை ஒருவர் எடுக்க வேண்டும். எடுத்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

கருவி காட்டுவதும் களத்தில் இருப்பதும் ஒன்றே என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2024 அக்டோபர் 11 அன்று கும்மிடிப்பூண்டிப் பாதையில் கவரைப்பேட்டையில், மெயின் லைனுக்கு சிக்னல் கொடுக்கப்பட்டிருந்தும் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. விமான நிலையத் திரைக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது. சிக்னல் ஒரு பக்கமும் தண்டவாளம் ஒரு பக்கமும் போகக்கூடும் என்ற அளவில் மட்டும் அதை இங்கே வைக்கிறேன்.

5

சென்னைக்கு இந்த வாசிப்பு ஏன் முக்கியம்? மீனம்பாக்கத்தின் இரண்டு ஓடுதளங்களும் ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை. இரண்டாவது அடையாற்றைப் பாலத்தின் மேல் கடக்கிறது. இணையான ஓடுதளங்கள் உள்ள நிலையத்தில் ஒரு புறப்பாடு பிந்தினால் பக்கத்து ஓடுதளத்தின் வேலை நிற்காது. வெட்டும் ஓடுதளங்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஒன்றின் அசைவு மற்றதைக் கட்டுகிறது. இத்தகைய இடத்தில் ஒருவர் மாற்றும் சொல்லின் விலையைப் பிறரும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

பொது அறிக்கைகளோ இந்த விலையைக் காட்டவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ மாதந்தோறும் வெளியிடும் உள்நாட்டுப் போக்குவரத்து அறிக்கைகளில், 2010-களின் பிற்பகுதியில் நேரந்தவறாமைக் கணக்கு பெங்களூரு, டெல்லி, ஹைதராபாத், மும்பை ஆகிய நான்கு நிலையங்களுக்கே தரப்பட்டது. சென்னை அதில் இல்லை. அந்த எண்களை நாடு முழுவதற்குமான செயல்திறனாக வாசித்த எழுத்துகள் நிறைய. 15 நிமிடத்துக்குள் கிளம்பினால் நேரத்துக்குக் கிளம்பியது என்ற அந்தக் கணக்கிலும் கடைசி முடிவு மட்டுமே உண்டு. முடிவுக்கு முன் எத்தனை சொற்கள் மாறின என்பது இல்லை. திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து முனையத்துக்குள் நுழையும் பயணிக்கு அந்த மாறிய சொற்கள்தான் வாழ்க்கை. 15 நிமிடத்துக்குள் கிளம்பிவிட்ட விமானத்திலும், அதற்கு முன் நான்கு முறை நேரம் மாறியிருந்தால், அவர் உண்ணாமலும் உட்காராமலும் வாயிலருகே நின்றிருப்பார்.

ஒரு வரலாற்றுச் சான்றைக் கொஞ்சம் தயக்கத்தோடு சேர்க்கிறேன். 2015 டிசம்பர் 1 இரவு வெள்ளத்தால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டுச் சில நாட்கள் மூடியே கிடந்தது. அந்த நாட்களில் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கின. பயணிகள் முனையமோ 16 மைல்கல் கொண்ட திரையோ இல்லாத இடம் அது. அங்கே இயக்கத்தைத் தாங்கியது ஒருவர் மற்றவருக்குச் சொன்ன நேரமும் அதைக் காப்பாற்றிய விதமுமாகவே இருந்திருக்க வேண்டும். இதை ஆவணமாக அல்ல, ஊகமாகவே முன்வைக்கிறேன். எண்ணிக்கை சிறியது, நெருக்கடிக் காலம் என்று இதை ஒதுக்குவோர் ஒன்றைக் கவனிக்கட்டும்: எல்லாக் கருவிகளும் போன பிறகும் மிச்சமிருப்பது எதுவோ, அதுவே அடித்தளம்.

6

இந்த வாசிப்பை ஏற்றால் மூன்று மாற்றங்கள் தேவைப்படும். முதலாவதாக, செயல்திறன் அறிக்கையில் துல்லியத்தோடு உறுதியையும் அளக்க வேண்டும்: கடைசிச் சொல் எவ்வளவு முன்னதாக நிலைபெற்றது, அதற்குமுன் எத்தனை முறை மாறியது என்பதை. இரண்டாவதாக, சொல்லைக் கொடுப்பவர் கையில் அதைக் காக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். புஷ்பேக் வண்டியையும் ஏணியையும் தானே ஒதுக்க முடியாத ஒப்பந்தப் பணியாளரிடம் நேரத்தை மட்டும் கேட்டு வாங்கித் திரையில் ஏற்றுவது அநியாயம்; அவர் நாளடைவில் கடைசி நிமிடம் வரை சொல்லைத் தள்ளிப்போடத்தான் கற்றுக்கொள்வார். முதல் விமானத்தின் முகவர் அப்படி உருவானவராக இருக்கலாம்; அவரைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை.

மூன்றாவது பதிவு பற்றியது. டி.ஓ.பி.டி.யைத் திருத்தியதும் திரை புதிய எண்ணைக் காட்டுகிறது; பழையது கண்ணிலிருந்து மறைகிறது. கணினியின் அடியில் எங்கோ அது கிடக்கலாம், ஆனால் மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் கடைசி எண் மட்டுமே மேசைக்கு வருகிறது. ரயில் நிலையப் பதிவேட்டில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு அடித்துச் சுருக்கொப்பம் இட்டுப் புதியதை எழுத வேண்டும். சென்னையின் திரைக்கும், பரந்தூரில் திட்டமிடப்படும் நிலையத்தின் திரைக்கும் அந்த ஒற்றைக் கோடு வேண்டும். 7:38 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கோடிட்ட 7:00, 7:10, 7:25 மூன்றும் தெரிந்தால், கோபுரத்தில் இருப்பவருக்கு அந்த 7:38-ஐ எவ்வளவு நம்பலாம் என்பது கணக்கில்லாமலேயே விளங்கும்.