மளிகைக்காரர் வீட்டுக் கதவு

சென்ற வாரம் ஒரு பழைய புத்தகத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். 1722-ல் லண்டனில் வெளியானது. கொள்ளை நோய் வருமுன் ஒரு குடும்பம் எப்படி ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்வது. எழுதியவர் வைத்தியர் அல்ல. என்னைப் போலக் கதை எழுதிப் பிழைத்தவர். ராபின்ஸன் குரூஸோவைப் படைத்த டானியல் டீஃபோதான். ஆளில்லாத தீவில் ஒருவனை அத்தனை வருஷம் காப்பாற்றியவருக்கு, ஒரு வீட்டுக்குச் சாமான் ஜாபிதா போடுவது பிரமாதமா?

1720-ல் பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் துறைமுகத்தில் கிழக்கேயிருந்து ஒரு கப்பல் வந்தது. வழியிலேயே அதில் பலர் செத்திருந்தார்கள். ஆனாலும் துணிச் சரக்கு சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமே! சரக்கோடு பிளேக்கும் இறங்கிற்று. நகரத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டார்கள். லண்டன் நடுங்கியது. 1665-ல் அங்கே பதிவான பிளேக் சாவு மட்டும் 68,596. அது மறக்கக் கூடியதா?

அந்த 1665-ஐத்தான் டீஃபோ களமாக வைத்துக்கொள்கிறார். ஒரு மளிகை வியாபாரி, மாதக் கணக்குக்கு ரொட்டியும் மாவும் சேர்த்துக்கொண்டு, மனைவி மக்களோடு கதவைச் சாத்திக்கொள்கிறார். கடிதம் வந்தால் கந்தகமும் வெடிமருந்தும் புகைத்து, காடி தெளித்துத்தான் பிரிப்பார். வேண்டியதெல்லாம் கப்பியில் மேலே ஏறும். குடும்பம் பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் கப்பிக்குக் கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும் அல்லவா? அவருடைய சுமையாள் வாசலுக்கு வெளியே நிற்கிறான். ஒரு நாள் கூப்பிட்டால் பதில் இல்லை. பிளேக் கொண்டு போய்விட்டது. வேறொருவனை அமர்த்துகிறார்கள்.

முதல் தடவை படித்தபோது இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டேன். என் கவனமெல்லாம் மாவுப் பீப்பாய்களில் இருந்தது.

2020-ல் ஊரடங்கு வந்தபோது நாங்களும் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கினோம். புளி, மிளகாய், பருப்பு எல்லாம் நாலு மாதத்துக்கு என் மனைவி சேர்த்து வைத்திருந்தாள். பாலைச் சேர்த்து வைக்க முடியுமா? விடியற்காலையில், "சார், இழுங்க!" என்று பால்காரர் குரல் கொடுப்பார். ஜூன் மாதத்தில் ஒரு நாள் வேறு குரல் கேட்டது. கூடையை இழுத்தேன், பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவினேன்.

"பழைய ஆள் என்ன ஆனார் என்று கேட்டீர்களா?" என்றாள் மனைவி.

"நாளைக்குக் கேட்கிறேன்" என்றேன்.

நாலு நாள் கழித்துத்தான் கேட்டேன். கீழேயிருந்து பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்காரு, சார். இழுங்க!"