சம்மதம் என்னும் சொல்

பாலியல் குற்ற வழக்கு ஒன்றில் நீதியானது பெரும்பாலும் ‘சம்மதம்’ என்னும் ஒரு சொல்லையே பற்றி நிற்கிறது. அச்சொல்லின் பொருளை உரைத்துப் பார்க்க, நமது மலையகத்தின் வரலாறு நல்லதோர் உரைகல்லாகும்.

1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறை செல்ல நேரிட்டது. கடன் தொகை குறித்த ‘துண்டு’ இன்றி வேறு தோட்டத்தில் சேர்வதும் அரிதாயிற்று. அந்தத் துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. கங்காணியின் கையில் கடன். துரையின் கையில் லயக் காம்பிரா. கணக்கப்பிள்ளையின் கையில் அன்றைய பேர். அட்டனிலோ நுவரெலியாவிலோ கொழுந்து பறித்த பெண்ணொருத்தி இவர்களை மறுத்துவிட்டு எங்கே போவாள்?

இக்காலத்திலேதான், 1883இல், தண்டனைச் சட்டக்கோவை வந்தது. பெண்ணின் சம்மதமின்றிப் புணர்வதும், மரணத்தையோ காயத்தையோ காட்டி அச்சுறுத்திச் சம்மதம் பெறுவதும் குற்றமென்று அது வகுத்தது. சம்மத வயது 12. கத்திக்கு அஞ்சும் அச்சம் அவ்விலக்கணத்தில் இடம்பெற்றது. பேர் வெட்டப்படும், லயம் பறிபோகும் என்னும் அச்சம் இடம்பெறவில்லை.

நீதிமன்றங்களும் நெடுங்காலம் உடலிலே காயத்தைத் தேடின. 1972இல் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்துக் காவல் நிலையமொன்றில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை வழக்காயிற்று. அவள் உடலில் காயமில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர் இருவரையும் விடுவித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பயனாக 1983இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது.

இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், எதிர்த்துப் போராடிய காயம் சான்றாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை எனத் தெளிவுறுத்தியது. சம்மத வயதைப் பொதுவில் 16 ஆக உயர்த்தியது. தடுத்து வைக்கப்பட்டவளின் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ள மறுத்தது. அதிகாரமுடையவர் வேலைத்தலத்தில் செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்கியது. ஆயினும், நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாத மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதை அது குற்றமாக்கவில்லை.

‘இசைந்தாளா? போராடினாளா?’ என்று வினவுவதோடு சட்டம் அமைந்துவிடலாகாது. மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறுநாட் காலை அதே மலையில், தன் பேரும் கூரையும் போகாமல் அவள் நிற்க முடியுமா என்றும் அது வினவுதல் வேண்டும். மறுக்க வழியுள்ள இடத்திலேதான் சம்மதம் என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு.