உண்ணிகளின் வைரஸ் கடத்துதிறன்

உறிஞ்சிய குருதியோடு வந்த வைரஸை உண்ணி தன் உடலில் பெருக்கி, தோலுரித்து வளர்ந்த பின்னும் இழக்காமல் வைத்திருந்து, அடுத்த விலங்கைக் கடிக்கும்போது உமிழ்நீர் வழியே செலுத்தும் ஆற்றல் கடத்துதிறன் எனப்படும். உண்ணியின் உடலில் வைரஸ் காணப்படுவது மட்டும் இதற்குச் சான்றாகாது. குடலிலேயே சிதைந்துவிடும் வைரஸ் அடுத்த உயிரைச் சென்றடைவதில்லை.

உண்ணிகள் நோய் பரப்புவதை 1893-இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் மாடுகளின் டெக்சாஸ் காய்ச்சலைக் கொண்டு நிறுவினர். எனினும் அதன் காரணி ஓரணு உயிரி. பின்னர் வைரஸ் நோயென அறியப்பட்ட நைரோபி ஆட்டு நோய் உண்ணிகளால் பரவுவதை மாண்ட்கோமரி 1917-இல் விளக்கினார். 1937-இல் சோவியத் தூரக்கிழக்கின் காடுகளில் லெவ் சில்பர் தலைமையிலான குழு, மூளையழற்சி உண்டாக்கும் வைரஸ் உண்ணிக்கடியால் மனிதரைத் தொற்றுவதைக் கண்டறிந்தது.

இந்தியாவில் இவ்வாய்வு 1957-இல் மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் தொடங்கியது. அங்குக் குரங்குகள் மடிந்து, அருகிலுள்ள ஊர்களில் காய்ச்சலும் பரவியதால் முதலில் மஞ்சள் காய்ச்சலோ என ஐயுறப்பட்டது. ஆனால் புனே வைரஸ் ஆய்வு மையம் பிரித்தெடுத்த வைரஸ், தூரக்கிழக்கு வைரஸின் உறவினதாக இருந்தது. அதன் முதன்மைக் கடத்தியான ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் உண்ணி, லார்வா, நிம்ஃப், முதிர்நிலை ஆகிய மூன்று பருவங்களிலும் வெவ்வேறு விலங்கைப் பற்றுவது. லார்வாவாக இருக்கையில் சிறு பாலூட்டிகளிடமோ குரங்குகளிடமோ பெற்ற வைரஸ், தோலுரிப்பின்போது உள்ளுறுப்புகள் புதிதாக உருவாகியும் அழியாமல் நிம்ஃபுக்குக் கடந்து செல்கிறது; காட்டுச் சருகிலிருந்து மனிதர்மேல் ஏறுவதும் பெரும்பாலும் இந்த நிம்ஃபே. முதிர்ந்த உண்ணிகளுக்கு இரையாகும் மாடுகள் வைரஸைப் பெருக்காவிடினும், உண்ணிகளைப் பெருக்குகின்றன.

நோயுற்ற விலங்கின் குருதியில் வைரஸ் மிகுந்திருந்தால்தான் உண்ணி தொற்றேற்கும் என்ற கருத்தை 1987-இல் வெளியான ஓர் ஆய்வு மாற்றியது. கினிப் பன்றியின் குருதியில் வைரஸ் கண்டறியும் அளவுக்கு இல்லாதபோதும், தொகோட்டோ வைரஸ் கொண்ட உண்ணிகளோடு அதே விலங்கில் குருதி உண்ட பிற உண்ணிகள் தொற்றுற்றன. உடனுண்ணல் வழிக் கடத்தல் எனப்படும் இம்முறைக்கு, கடிவாயின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் உமிழ்நீர்ப் பொருள்கள் துணைபுரிகின்றன.

கியாசனூர் வைரஸ் 2012-13-இல் பந்திப்பூரிலும் அதையடுத்த நீலகிரி, வயநாட்டுக் காடுகளிலும் மடிந்த குரங்குகளில் கண்டறியப்பட்டது. இறந்த குரங்கின் உடலை விட்டு விழும் உண்ணிகள் தொற்றுடன் உயிர்வாழ்வதால், உடல் கிடந்த இடத்தைச் சுற்றிப் பூச்சிக்கொல்லி தூவுவது நோய்த்தடுப்பின் முதற்படிகளுள் ஒன்றாயிற்று.